கைநாட்டு

மழை பொய்த்த வருடம் கரிசக்காட்டு வீடு முன்பணத்துக்குக் கைநீட்டும். வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று கணக்கு நோட்டை வாசிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கடன் தீர்வதே இல்லை. பெற்றவர் வைத்த கைநாட்டைப் பிள்ளையின் விரல்கள் அடைக்கின்றன. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ பிஞ்சு விரல்கள் சிலேட்டைப் பிடிக்க வேண்டிய வயதில் தீக்குச்சி அடுக்கின. கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்தது. ஆனால் எழுத்தறியாத வீட்டுக்குச் சட்டமும் இன்னொரு வாசிக்க முடியாத தாள்தான். அந்தத் தாளை வாசிக்கப் பள்ளிதான் வழி. இதே கரிசல் சீமையில், எட்டயபுரத்தில், 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளையும் பள்ளிக்கு வரவேண்டும் என்பதே அவர் கவலை. பள்ளி நேரத்தில் வேலைக்குப் போகும் பிள்ளையைக் கண்டால், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.