அடைக்கோழியும் பரிச தீட்சையும்

சைவ சித்தாந்தம் குருவருளை விளக்க முட்டையை உவமையாக்குகிறது. மீன் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை தொடுகையாலும் குஞ்சு பொரிக்கும் என்பது மரபு. இவை முறையே நயன, மானச, பரிச தீட்சைகளுக்கு ஒப்பு. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் இத்தீட்சைகளைச் சொல்கிறது. மூன்றில் வீட்டுக் கொல்லையிலும் நேரில் பார்க்கக்கூடியது பறவைதான்.

அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழி 21 நாள் கூடையை விட்டு அதிகம் அகலாது. நாளுக்கு ஒருமுறை இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து, சீக்கிரமே திரும்பிவிடும். வயிற்றடியில் இறகு உதிர்ந்த வெறுந்தோலால் சூடு தருகிறது; அலகால் முட்டைகளைப் புரட்டுகிறது. வளர்ப்பவர் தரவேண்டியது கொஞ்சமே: இருட்டு மூலை, வைக்கோல் பரப்பிய கூடை, பத்துப் பன்னிரண்டு முட்டை, அருகில் தண்ணீர். ஏழாம் நாள் விளக்கொளியில் பிடித்தால் கரு ஓடிய முட்டையில் ரத்தநாளம் தெரியும். ஓட்டை உடைப்பதோ தாயன்று, உள்ளிருக்கும் குஞ்சு.

சிக்கல் கருவில்லாத கூமுட்டையில். அதே சூடு பட்டும் அது பொரிவதில்லை. அப்படியானால் அருள் பாரபட்சம் உடையதா? சித்தாந்தத்தின் விடை தெளிவு: வேறுபாடு சூட்டில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வந்த உயிரிடமே, அருள் பதியும் சத்திநிபாதம் நிகழும். உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கருவில்லா முட்டைக்கு வழியே இல்லை. ஆனால் பக்குவமடையவே முடியாத உயிர் என ஒன்றைச் சித்தாந்தம் ஏற்பதில்லை, காலம்தான் முன்பின் ஆகும்.