புலிமேலிருந்து இறங்குவது எப்படி?



தலவாக்கலைத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தில் கூடையோடு நின்ற தாய்மாருக்கு ஒரு கிலோவின் அருமையை எவரும் போதிக்கத் தேவையில்லை. தராசில் ஒரு கிலோவைக் குறைத்து எழுதினால், எழுதியவருக்கு அது அற்பம். அதனால் அரைப்பேர் விழுந்த வீட்டுக்கோ அது அடுப்பில் ஏறாத உலை. கணக்கில் சிறிய பொய் என்று ஒன்று கிடையாது என்பதை நாம் தராசடியிலேயே படித்தவர்கள்.

இந்தியாவில், ஹைதராபாத் நகரில் நடந்ததைக் கேளுங்கள். 1987-ம் ஆண்டில் ராமலிங்க ராஜு என்பவர், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், ‘சத்யம்’ என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். சத்யம் என்றால் உண்மை. சிலரோடு ஆரம்பித்த அந்நிறுவனம் வளர்ந்து, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை கொடுத்தது. 2008-ல் சிறந்த நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருதும் வந்தது.

சில மாதங்களே சென்றன. 2009 ஜனவரி 7-ந் திகதி அவரே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி இந்திய ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். மெய்யான இலாபத்துக்கும் எழுதிய இலாபத்துக்கும் இடையே சிறு வித்தியாசமாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு பெருத்ததாம். புலிமேல் ஏறியவன் அதற்கு இரையாகாமல் இறங்க வழி தெரியாதிருந்ததைப் போலத் தாம் இருந்ததாகச் சொன்னார். விருது பறிபோயிற்று. 2015 ஏப்ரலில் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. மறுமாதமே, மேன்முறையீட்டின்பேரில், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணை கிடைத்தது.

அவருடைய தண்டனையை அளந்து பார்ப்பது நம் வேலையல்ல. அந்த முதல் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ‘இவ்வருடம் இலாபம் குறைவு’ என்று அன்றே சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கொஞ்சம் தலைகுனிவு, அவ்வளவுதான். சின்ன வெட்கத்தைத் தாங்க மறுத்தவர், உலகறிந்த வெட்கத்தைத் தாங்க வேண்டியதாயிற்று.

சிறியதில் உண்மையாயிருப்பவனே பெரியதிலும் உண்மையாயிருப்பான் என்பது நம் ஆண்டவரின் போதனை (லூக்காஸ் 16:10). அதே நற்செய்தியில் சக்கேயுவையும் காண்கிறோம். அவனும் உயரத்தில் இருந்தவன்தான். ஆனால் ஆண்டவர் அழைத்ததும் மரத்திலிருந்து விரைந்து இறங்கினான். வஞ்சித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக ஊரார் முன் சொன்னான். அன்றே அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. இறங்க வழி உண்டு, பிரியமானவர்களே. காலம் தாழ்த்தாமல் இறங்க வேண்டும்.

சீட்டுப் பிடிக்கும் சகோதரியே, ‘அடுத்த மாதம் வைத்துவிடலாம்’ என்று பிறர் காசில் கை வைத்தீரோ? கடை வைத்திருக்கும் தம்பி, கடன் கொப்பியில் எழுதத் தெரியாதவரின் பெயருக்கு எதிரே ஒரு சைபரைக் கூட்டினாயோ? கொழும்பில் தொழில் செய்யும் மகனே, நட்டத்தை மறைக்க மேலும் கடன் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாயோ?

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எவ்வளவு கொண்டுவந்தாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘எப்படி வந்தது?’ என்றும் கேளுங்கள். ‘அப்பா, நான் தோற்றுவிட்டேன்’ என்று பிள்ளை வந்து சொன்னால், கதவைத் திறந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொடுங்கள். அயலார் முன் நம் பெருமை குலைந்துவிடும் என்ற பயமே பல பிள்ளைகளைப் புலிமேல் ஏற்றிவிடுகிறது.

இந்த வாரமே நம் கணக்கை ஆண்டவர் முன் விரித்து வைப்போம். பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்தே இருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் மனஸ்தாபத்தின் பகுதியே என்பதை மறவாதிருப்போம். ஆமென்.