பலம் யாருக்குச் சொந்தம்?

"என் கைப்பலத்தால் முன்னேறினேன், யாருக்கும் நான் கடன்பட்டவனல்லன்" என்று மார்தட்டுவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நம் கையிருப்பில் நிற்கிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நாம் உண்ணும் கவளம் நேரே பலமாகி விடுவதில்லை. உடலின் உயிரணுக்கள் ஏ.டி.பி. எனும் பொருளையே செலவுக்காசாகக் கொள்கின்றன. அதில் பெரும்பகுதியை ஆக்கித் தருவது ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி. பல புரதத் துண்டுகள் கூடியமைந்த இது, உயிரணுவுக்குள்ளிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. உணவின் சத்து பிராணவாயுவோடு சேரும்போது ஹைட்ரஜன் அயனிகள் அச்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை நொதியின் வழியே மீண்டும் உட்புகும்போது அதன் அடியிலுள்ள வளையம் சுழல்கிறது. அதனோடு இணைந்த அச்சும் சுழல்கிறது. தலைப்பகுதியிலுள்ள மூன்று அறைகள் முறைவைத்து மூலப்பொருளை ஏற்று, இணைத்து, வெளிவிடுகின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி.

அயனி ஓட்டமே இதற்கு மூலம் என்று பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறைகளின் முறைமாற்றத்தைப் பால் பாயர் எடுத்துரைத்தார். 1994-ல் ஜான் வாக்கர் குழுவினர் கண்ட நொதியின் வடிவம் அதற்கு வலுச்சேர்த்தது. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அச்சுழற்சியை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தனர்.

எந்நேரமும் நம் உடலிலுள்ள ஏ.டி.பி. சில பத்து கிராம்களே. ஆனால் ஒரு நாளில் அது திரும்பத் திரும்ப உருவாகிச் செலவாவதைக் கூட்டினால், ஏறக்குறைய நம் உடல் எடையளவு வரும். நேற்றைய பலத்தை இன்றைக்கென்று பூட்டிவைத்தவர் எவருமில்லை. பின் "என் பலம்" என்று எதைச் சொல்வது?

"இயங்கும் விதம் தெரிந்துவிட்டதே, இனி யாருக்கு நன்றி?" எனப் படித்த இளைஞர் கேட்கலாம். அவர்மீது நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. தாய் சோறாக்கும் விதத்தை அறிந்துகொண்ட பிள்ளைக்கு நன்றியுணர்வு குறைந்துவிடுமா? அறியாமையின்மேல் கட்டிய ஷுக்ரு, அறிவு வந்ததும் இடிந்துவிடும். அதேபோல, இந்த நொதியைக் காட்டி வாதத்தில் வென்றுவிட்டோம் என்று நாம் மகிழ்வதிலும் பயனில்லை. நன்றி வாதத்தால் நிறைவேறுவதன்று.

பலம் நமக்குச் சொத்தல்ல, அமானத். படுக்கையில் கிடக்கும் அண்டைவீட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்து தருவோமானால், நம் நாவு சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வை நம் கையும் சொன்னதாகும்.