தழும்பை அழிக்கலாமா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பழுதான ஒரு பழைய பொருளைப் புதுசு மாதிரி ஆக்கிவிடுவது, அதைச் செய்தவருக்கு நாம் காட்டும் மரியாதையா? இல்லை, அவருடைய உழைப்பைத் துடைத்துப் போடுவதா?

கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று மாதமாக இதுதான் பேச்சு. காரணம் ஒரு மரப்பெட்டி. என் கொள்ளுத்தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் தச்சு வேலை செய்தவர். உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் வைக்க அவரே செய்துகொண்ட பெட்டி அது. இப்போது அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு கீல் இல்லை. மூடி நடுவில் வெடித்திருக்கிறது. "மேலெல்லாம் இழைச்சி வார்னிஷ் அடிச்சா ஹால்ல வைக்கலாம்" என்கிறார் சித்தப்பா. "அவரு கை பட்டதுய்யா, அப்படியே விட்டுடு" என்கிறார் பாட்டி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

முதலில் சித்தப்பா பக்கம் பார்ப்போம். பழசை மாற்றுவது நம் சமயத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகத்தான் தொடங்கியது. அந்த ஓலையும் மரமும் இன்று இல்லை. ஆனாலும் அது அதே கோயில் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். பூரி ஜெகந்நாதர் கோயிலில் இன்னும் ஒரு படி மேலே. ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டில் மூலவர் திருமேனியையே புதிய வேப்ப மரத்தில் செய்து, பழையதை மண்ணில் அடக்கம் செய்கிறார்கள். கடைசியாக 1996-இலும் 2015-இலும் அப்படி நடந்தது. உடல் மாறலாம், உள்ளே இருப்பது மாறாது என்று கீதை சொல்வதும் இதைத்தானே?

அப்படியானால் பெட்டியின் பலகை எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? இங்கேதான் நான் நின்று யோசித்தேன். கோயிலில் தெய்வ சாந்நித்யத்தை முறைப்படி ஆவாஹனம் செய்து புதிய திருமேனிக்கு மாற்ற முடியும். அதற்கு ஆகமம் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது. ஆனால் கொள்ளுத்தாத்தா உளியால் செதுக்கிய அடையாளத்தை எந்த மந்திரத்தாலும் புதுப் பலகைக்கு மாற்ற முடியாது. அது அந்த மரத்தில் மட்டும்தான் இருக்கிறது. இழைத்தால் சுருள் சுருளாக உதிர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஆக, எதை மாற்றலாம் என்பதற்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் கிடையாது. அந்தப் பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் பாட்டி சொல்வதும் முழுசாகச் சரியில்லை. பெட்டியில் இருக்கும் சேதம் எல்லாம் ஒரே வகை இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. அது உழைப்பின் தழும்பு. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை. கரையான் தின்ற அடிப்பலகையோ நோய். அதை "அப்படியே விடு" என்றால் பக்கப் பலகைக்கும் பரவும். நோயாளிக்கு வைத்தியம் பார்க்காமல் விடுவது மரியாதை ஆகுமா? காணாமல் போன கீல் மூன்றாவது வகை. அதை மாற்றலாம், ஆனால் பழசு மாதிரி நடிக்க வைக்கக்கூடாது. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனமும் இதையேதான் கேட்கிறது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்து போக வேண்டும், ஆனால் உற்றுப் பார்த்தால் புதிது என்று தெரிய வேண்டும். இது வெறும் தொழில்நுட்பம் இல்லை, சத்தியம்.

பசை விஷயத்திலும் ஒரு தர்மம் இருக்கிறது. தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசையைச் சூடும் ஈரமும் காட்டினால் இளகிவிடும். எப்போக்ஸி ஒருமுறை பிடித்தால் அவ்வளவுதான். மரம் நம் ஊர் ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்பைக் கல் மாதிரி இறுக்கி அடைத்தால் பக்கத்தில் இன்னொரு இடம் வெடிக்கும். நாளைக்கு நம்மைவிட விஷயம் தெரிந்த ஒருவர் வரலாம். அவர் பிரித்துத் திருத்த வழி விட்டுச் செய்வதுதான் அடக்கம்.

இன்னொரு பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ரோசெஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் சீட்டன் என்பவரின் கருவிப் பெட்டி இருக்கிறது. 1797-இல் அவர் செய்தது. உள்ளே கருவிகள் அன்று வாங்கியது போலவே இருக்கின்றன. ஏன் தெரியுமா? அவர் அவற்றை அதிகம் பயன்படுத்தவில்லை. வரலாற்று ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் ஒரு கருவிக்கு அது நல்ல வாழ்க்கையா? உழைக்காததால் அழகாக இருப்பது ஒன்று, உழைத்துத் தேய்ந்தது இன்னொன்று. நம் வீட்டில் இருப்பது இரண்டாவது. அதை முதலாவது மாதிரி மினுக்கி வைத்தால் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம்.

யோசித்துப் பாருங்கள், நாம் தழும்பை ஏன் மறைக்க நினைக்கிறோம்? பாதி நேரம் அழகுக்காக இல்லை, கூச்சத்துக்காக. நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டத்திலும் ரயில் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தார்கள். இன்று நாம் பட்டதாரி ஆகும்போது, அந்தக் கைவேலையை ஹாலில் வைக்கும் அலங்காரப் பொருளாக மட்டும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். வகுப்பில் நான் படிக்கும் விசை, அழுத்தம், பொருத்து எல்லாம் அந்தப் பெட்டியின் மூலையில், விரல் கோத்த மாதிரி ஆணியே இல்லாமல் நிற்கிறது. அதைச் செய்தவர் டிப்ளோமா வாங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று லேப்டாப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்லதுதான். உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு பால் வெட்டும் கத்தியோ, தையல் மெஷினோ, உளியோ கிடக்கலாம். இந்த முறை அதையும் எடுத்து வையுங்கள். துருவைத் துடையுங்கள், தேய்மானத்தைத் தொடாதீர்கள். அது யாருடையது, என்ன வேலை செய்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பலகையை எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். சொல்ல ஆள் இருக்கும்போதுதான் கதையைக் கேட்க முடியும்.