எந்தக் கல்லை விட்டுவைப்பது?

ஆந்திராவின் பேலும் குகையில் புத்தர் வெளியேதான் இருக்கிறார், நம் காலத்தில் எழுப்பிய பெரிய சிலையாக. பௌத்தத் துறவிகள் தங்கியதாகச் சொல்லப்படும் உள்பக்கத்தில், நான் பார்த்தவரை, அவர் உருவம் இல்லை. புழுக்கம், வியர்வை, குழாயில் வரும் காற்று. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கிய 3,229 மீட்டர் இருட்டு. அதில் பாதிக்கும் குறைவாகத்தான் நம்மை விடுகிறார்கள். (பிலம் என்பதுதான் பேலும் ஆகியிருக்கிறது. கம்பனில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' உண்டே, அதே பிலம்.) 1884-இல் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் நம்ம பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த அதே ஆள்.

ஓரிடத்தில் கூரையிலிருந்து கல் விழுதுகள் கொத்துக் கொத்தாக இறங்குகின்றன. கோடிலிங்கம் என்று பெயர். கூட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதே வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்தான் கடப்பா கல் என்று மயிலாப்பூர் சமையலறைகளில் மேடையாகக் கிடக்கிறது. ஒன்றைக் கும்பிடுகிறோம், இன்னொன்றின் மேல் குக்கரை இறக்கி வைக்கிறோம்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லைதான். ஆனால் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் கேள்வி கொஞ்சம் கடுமையாகிறது. அங்கிருக்கும் அமராவதிச் சிற்பங்களும் சுண்ணாம்புக் கல். இங்கே வந்து சேர்ந்தவை தப்பிப் பிழைத்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஸ்தூபியைத் தோண்டிக் கட்டடங்களுக்குக் கல் எடுத்தார்கள். செதுக்கிய பலகைகள் பலவற்றைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. செதுக்காத கல்லைச் சுட்டிருந்தால்? எரியாது. சரி, மனித உழைப்பு அழிந்ததற்காகத்தான் கோபம் என்றால், யார் கையும் படாத கல் விழுதை ஒருவன் உடைத்தாலும் ஏன் பதறுகிறது? காலத்துக்காகவா? கடப்பா கல்லுக்கும் வயது பல கோடி ஆண்டு. அதை மெஷினில் அறுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசித்தான் வாங்குகிறோம்.

மிச்சமிருப்பது ஒரே காரணம், அந்தக் கல் நமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் போல இருக்கிறது. எனக்கு இந்தக் காரணம் பிடிக்கவில்லை, வேறொன்றும் கிடைக்கவும் இல்லை. அமராவதியின் பழைய பலகைகளில் புத்தருக்கு உருவமே கிடையாது. காலியான ஆசனம், கீழே பாதச்சுவடு, சுற்றிலும் கைகூப்பிய கூட்டம். சூளைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாலும், யாரும் உட்காராத ஒரு நாற்காலிதான் தெரிந்திருக்கும்.