தோழமை விலைக்குக் கிடைக்குமா?

மேலை நாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் நடத்தும் பயணங்களுள் ஒரு வகை நம் சிந்தனைக்கு உரியது. மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவுறவு முறிந்தவர், குடும்பம் இருந்தும் உடன்வர ஆளில்லாதவர் எனத் தனியாக வருவோரை மட்டுமே சேர்த்து, சிறு குழுவாக, ஒரு வார காலம் மத்தியதரைக் கடலின் தீவு ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் பயணம் அது. கிரீட், சைப்பிரசு, சிசிலி, மால்தா எனத் தீவுகள் மாறும். முறை பெரிதும் மாறுவதில்லை. குழுவை நடத்திச் செல்ல வழிகாட்டி ஒருவர் இருப்பார். உறங்குவதற்கு ஒவ்வொருவருக்கும் தனியறை. உண்பதற்கோ எல்லார்க்கும் ஒரே நீண்ட மேசை. இது வரன் தேடும் ஏற்பாடு அன்று என்பதையும் இத்தகைய நிறுவனங்கள் பல முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இதைக் கேட்டதும் நம்மில் சிலர் புன்னகைப்போம், சிலர் இரங்குவோம். உடனிருந்து உண்பதற்கும் ஆள் வேண்டுமெனப் பணம் கட்டும் காலம் வந்துவிட்டதே என்று பெருமூச்சு விடுவோம். அந்தப் புன்னகையும் இரக்கமும் முறையானவைதாமா? தோழமை விலைக்குக் கிடைக்குமா? கிடைக்காதெனில், அம்மனிதர்கள் பணம் கொடுத்துப் பெறுவதுதான் என்ன?

தனித்திருப்பதன் விலை

முதலில், தனியாகப் பயணம் செய்பவர் படும் பாட்டை அறிய வேண்டும். சுற்றுலா விடுதிகளின் அறைகள் பெரும்பாலும் இருவருக்கென அமைந்தவை. இருவர் பகிர்ந்து தங்குவர் என்ற கணக்கிலேயே ஓர் ஆளுக்குரிய கட்டணமும் குறிக்கப்படுகிறது. தனியாக வருபவர் அதற்குமேல் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருவர் உறங்கினாலும் இருவர் உறங்கினாலும் அறைக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றே என்பது விடுதிக்காரரின் நியாயம். கணக்கில் பிழையில்லை. ஆயினும், உலகம் இருவர் இருவராக வாழ்வதற்கே அமைந்தது, நீ அதில் ஒரு பின்னம் என்று அந்தக் கணக்கு அவரிடம் சொல்லாமல் சொல்கிறது.

இவ்வாறு தனித்து வாழ்பவர் சிலர் அல்லர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, நூற்றுக்கு முப்பது வீடுகளில் ஒருவர் மட்டுமே வாழ்கின்றனர். 2018-இல் பிரிட்டனும் 2021-இல் ஜப்பானும் தனிமைத் துயருக்கெனப் பொறுப்பு அமைச்சர்களை அமர்த்தும் அளவுக்கு அத்துயர் வளர்ந்தது.

நம் வழக்கும் இதில் மென்மையானது அன்று. ‘தனிக்கட்டை’ என்கிறோம், ‘தனிமரம் தோப்பாகாது’ என்கிறோம். மரமும் கட்டையும் ஆகிவிடுகிறான் மனிதன். ஆனால் நம் விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை. நம் ஆண்டவர் மணம் புரியவில்லை. தனித்து வாழ்ந்த பவுலடியார், அந்நிலையை இறைவன் தந்த கொடைகளுள் ஒன்றாகவே கொரிந்தியருக்கு எழுதிய மடலில் போற்றுகிறார். மனிதனின் மாண்பு அவன் துணையோடு சேர்ந்து முழுமையடைவதில் இல்லை; அவன் இறைவனின் சாயலாய் இருப்பதில் உள்ளது. ஆகவே, தனியாக வருபவரைப் பின்னமாக எண்ணாமல் முழு விருந்தினராக ஏற்கும் ஒரு மேசை எங்கேனும் இடப்படுமாயின், அதை எள்ளி நகையாடுவதற்கு நமக்கு உரிமையில்லை.

குழுச் சுற்றுலாவின் பிறப்பிலேயே அறநோக்கம் ஒன்று இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். 1841 ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தொடர்வண்டியில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகவே அந்தப் பயணம். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். பணம் கைமாறியதாலேயே அந்தக் கூட்டுறவு இழிவடைந்துவிடவில்லை.

உப்பும் நட்பும்

எனினும், வினா தீர்ந்துவிடவில்லை. எட்டாம் நாள் குழு கலைகிறது. முகவரிகளை மாற்றிக்கொள்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், அவரவர் வீட்டுக் கதவை அவரவரே திறந்துகொண்டு நுழைகிறார்கள். விட்டுச் சென்ற தனிமை அங்கேயே காத்திருக்கிறது. ஏழு நாள் நீடித்ததைத் தோழமை என்று சொல்லலாமா?

நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டும் விரைவில் தோன்றும், விரைவில் மறையும். மூன்றாவதற்குக் காலம் வேண்டும் என்றார். சேர்ந்து உப்பு உண்ணாமல் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் அவ்விடத்தில் நினைவூட்டுகிறார். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காததன்று. மால்தாவின் துணைத்தீவான கோசோவில், வடகரைச் சுண்ணாம்புப் பாறையில் குடைந்த உப்புப் பாத்திகளை இன்றும் காணலாம். கடல்நீரை ஒரே நாளில் உப்பாக்க இயலாது. வெயிலும் பொறுமையும் வேண்டும். ஒரு வார விருந்தில் மனிதர் உண்ணும் உப்பு சிறிதே. ஆகவே, பயணம் முடிகையில் நட்பு கைக்கு வந்துவிட்டது என எண்ணுபவர் ஏமாறுவார். ஆனால் சிறிது உப்பும் உப்புதான்.

மால்தாவின் தீ

அந்த மால்தாத் தீவைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் கூறும் நிகழ்ச்சி இங்கே நமக்குத் துணை செய்கிறது. பவுலடியார் ஏறிய கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கைதிகள், படைவீரர், மாலுமிகள் என யாரும் யாரையும் தெரிந்தெடுக்காத கூட்டம் அது. பதினான்கு நாள் புயலில் உண்ணாமல் வாடிய அவர்கள் நடுவே, பவுலடியார் அப்பத்தை எடுத்து, இறைவனுக்கு நன்றி கூறி, பிட்டு உண்ணத் தொடங்கினார். மற்றவர்களும் மனந்தேறி உண்டார்கள். தோழரைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் வழங்கும் சொல், ‘உடன்’, ‘அப்பம்’ என்னும் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. அப்பத்தைப் பகிர்பவரே தோழர்.

கப்பல் உடைந்து கரையேறியவர்களை அத்தீவினர் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்றனர். பவுலடியார் சும்மா அமர்ந்து குளிர்காயவில்லை. தாமும் சுள்ளிகளைப் பொறுக்கிவந்து தீயிலிட்டார். விருந்தினராய் வந்தவர் விருந்தோம்புவோரின் பணியில் பங்குகொள்கிறார். பொருள் கொடுத்து வாங்க முடியாதது அந்தச் சுள்ளியே.

அச்சுள்ளிகளுக்கிடையே ஒரு விரியனும் இருந்தது. அது கையைப் பற்றியதும், இவர் கொலைகாரர் என்றனர் மக்கள். தீங்கேதும் நேராதது கண்டு, இவர் தெய்வம் என்றனர். இரண்டும் தவறு. முன்பின் அறியாதவரோடு கூடும்போது நாமும் இவ்வாறே செய்கிறோம். முதல் இரவு உணவு முடிவதற்குள் ஒருவரைத் தள்ளிவைக்கிறோம். இன்னொருவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். வீட்டில் தனித்திருப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. தவறான தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை.

மூன்று மாதங்களுக்குப்பின் பவுலடியார் தீவைவிட்டுப் புறப்பட்டார். அவர் அங்கே திரும்பிச் சென்றதாக நூல் கூறவில்லை. முடிந்துபோனதால் அந்த அன்பு பொய்யாகிவிட்டதா? பிப்ரவரி 10 அன்று மால்தா மக்கள் அந்தக் கப்பற்சேதத்தை இன்றும் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர்.

ஆகவே, நம் வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். பணம் வாங்கித் தருவது அருகாமையை மட்டுமே: ஒரு மேசை, ஒரு பேருந்து, ஏழு நாட்கள். தோழமை தொடங்குவது ஒப்பந்தத்தில் எழுதப்படாத இடத்தில். வலெட்டா நகரின் படிக்கட்டுத் தெருக்களில், மூச்சு வாங்கிப் பின்தங்கும் முதியவருக்காக ஒருவர் தம் நடையைத் தளர்த்துகிறாரே, அதற்கு அவர் கட்டணம் பெறவில்லை. பக்கத்து அறையில் காய்ச்சலாய்க் கிடப்பவருக்கு வெந்நீர் கொண்டு செல்பவரை எந்த நிறுவனமும் ஏவவில்லை. அருகாமை விறகை அடுக்கித் தருகிறது. தீயை மூட்டுபவர் மனிதரே.

இனி, நம்மை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. நம் பங்குகளிலும் தனித்து வாழ்வோர் உளர். திருமண விருந்திலும் திருத்தலப் பயணத்திலும் குடும்பம் குடும்பமாக நாம் இடம்பிடித்து அமர்ந்தபின், எங்கே அமர்வதெனத் தயங்கி நிற்கும் சகோதரியை நாம் காண்கிறோமா? அவருக்கு இடமளிக்க எந்த நிறுவனமும் தேவையில்லை. சற்றே நகர்ந்து அமர்ந்தால் போதும்.