முதல் கல் தன்மேல்

உருது நகைச்சுவை எழுத்தாளர் பத்ரஸ் புகாரியின் கட்டுரைகளில் அடிபடுகிறவர் பெரும்பாலும் 'நான்'தான். நாய்களுக்குப் பயந்து தெருவில் தயங்குகிறவர். விடியுமுன் எழுந்து படிக்க ஆசைப்பட்டு, பக்கத்து அறைக்காரர் கதவை இடித்து எழுப்பியதும் மறுபடி தூங்கிப்போகிறவர். நண்பர் மிர்ஸாவின் ஓட்டை சைக்கிளைக் காசு கொடுத்து வாங்கி, கடைசியில் ஆற்றில் எறிகிறவர். எழுதியவரோ லாகூர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர். பின்னாளில் அகில இந்திய வானொலியின் தலைவர், ஐ.நா. சபையில் பாகிஸ்தானின் பிரதிநிதி. உருது வாசகருக்கு இன்றும் அவர் அந்த சைக்கிள்காரர்தான்.

*

ராத்திரி நாய்கள் குரைப்பது அவர் காதில் முஷாயிராவாக, உருதுக் கவியரங்கமாக, விழுகிறது. ஒன்று எடுத்துக் கொடுக்கிறது, இன்னொன்று பதில் சொல்கிறது, பிறகு தெருவே கவியரங்கம். சிரிப்பு நாய்மேலா, கவிஞர்மேலா, தூக்கம் கெட்டவர்மேலா? மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஒருவருக்கும் வலிக்கிற அளவுக்கு இல்லை.

*

லாகூரைப் பற்றி அவர் பள்ளிக்கூட பூகோளப் பாடம்போல எழுதினார். நகரில் காற்றுக்குத் தட்டுப்பாடு. அதற்குப் பதில் மக்கள் புழுதியையும் புகையையும் சுவாசிக்கிறார்கள். ஊரின் பிரசித்தமான விளைபொருள் மாணவர்கள். கோபத்தின் சாயல்கூட இல்லாத பாடநூல் நடை. நகராட்சியைத் திட்டியிருந்தால் அன்றோடு மறந்துபோயிருக்கும்.

*

இன்னொரு உருது நகைச்சுவை எழுத்தாளர் முஷ்தாக் அகமது யூசுஃபி வங்கி அதிகாரியாக இருந்தவர். 1961-இல் வந்த 'சிராக் தலே' அவருடைய முதல் நூல். முன்னுரையை வேறு யாரிடமும் கேட்காமல் தானே எழுதி, 'முதல் கல்' என்று தலைப்பிட்டார். கூர்மையான பேச்சை மிர்ஸா அப்துல் வதூத் பேக் என்கிற கற்பனை நண்பரின் வாயில் வைத்தார். அசட்டுத்தனத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டார். இது அடக்கம்தானா? தன்னைத் தானே கேலி செய்துகொள்பவரிடம் மற்றவர் கேலி செய்ய என்ன மிச்சம் இருக்கும்? கொஞ்சம் தந்திரமும் இதில் உண்டு.

*

1990-இல் வந்த 'ஆப்-எ-கும்'மில் அந்தத் தந்திரம் அவருக்குத் தேவைப்படவில்லை. கான்பூரில் மரக்கடை வைத்திருந்த கோபக்காரக் கிழவர் ஒருவர் பிரிவினைக்குப் பின் கராச்சிக்கு வருகிறார். விட்டுவந்த ஹவேலியின், அந்தப் பெரிய வீட்டின், புகைப்படத்தை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது; அந்த வீட்டை இழந்த வலியும் அதே பக்கத்தில் இருக்கிறது. யூசுஃபியும் ராஜஸ்தானை விட்டுக் கராச்சிக்குப் போனவர்.

முதலில் தன்மேல் கல்லெறிந்துகொண்டால் மட்டும் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை வந்துவிடாது. அவர் இழந்ததில் நமக்கும் பங்கு இருக்கவேண்டும். அந்தப் பங்கு இல்லாதவர் அந்தக் கிழவரைப் பற்றி இதையே எழுதியிருந்தால் அதற்குப் பெயர் ஏளனம்.